வாசலில் வேப்பிலை

பெங்களூருவிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், கர்நாடக மாநிலம் முடியும் இடத்தில் இருக்கிறது அத்திபெலே. தமிழ்நாட்டு லாரி ஓட்டுநர்கள் நெடுங்காலமாக இவ்வூரை ஒரு சோதனைச் சாவடியின் பெயராகவே அறிந்திருந்தனர். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வரும்வரை, சரக்கு ஏற்றிய வண்டிகள் அங்கே நின்று, உள்ளே இருப்பது இன்னதென்று தாள் காட்டிய பிறகே எல்லையைக் கடக்க முடியும். 2020இல் கொரோனா தொற்று பரவியபோது அதே எல்லையில் மனிதர்களை நிறுத்தினார்கள். நெற்றிக்கு நேரே ஒரு கருவியை நீட்டி, உடலின் வெப்பத்தை அளந்தார்கள்.

அந்தச் சாவடிகளைப் பற்றி எழுதுவது நம் நோக்கமன்று. அதே ஊரில், பிள்ளைகள் படிக்கும் ஒவ்வொரு வீட்டின் வாசலிலும், காலை ஆறரை மணிக்கு இன்னொரு சாவடி திறக்கிறது. அங்கே அதிகாரி இல்லை; கருவி நீட்டுவோரும் இல்லை. உள்ளே இருப்பது என்னவென்று சொல்ல வேண்டியவரும், சொன்னது உண்மைதானா என்று சோதிக்க வேண்டியவரும் ஒருவரே. அவர் அந்தப் பிள்ளையின் தாய்.

அப்படி ஒரு தாயை மனத்தில் எண்ணிக்கொள்வோம். தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்து அத்திபெலேயில் குடியிருப்பவர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் வேலை. கணவருக்கு ஓசூரில் ஷிப்டு முறையில் பணி. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு இரவு முழுவதும் காய்ச்சல். தெர்மாமீட்டர் 101 டிகிரி காட்டியது. ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளிச் செவிலியர் பெற்றோருக்கு அனுப்பிய தாள் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. மருந்தின் உதவியின்றி இருபத்து நான்கு மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் மட்டுமே பிள்ளையை அனுப்பவும் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. தாய் அதைப் படித்திருக்கிறார். படித்தும், வீட்டில் இருந்த பாராசிட்டமால் மருந்தைக் கொடுத்து, சட்டை மாட்டி, பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார். ஒரு மணி நேரத்தில் உடல் குளிர்ந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். நண்பகலுக்குள் மீண்டும் சுடும் என்பதும் தெரியும். அதற்குள் தொழிற்சாலையில் அரை நாளாவது கழிந்திருக்கும்.

இது தவறா? தவறென்றால் யாருடைய தவறு? சிறிய கேள்வி போலத் தோன்றுகிறது. தர்மத்தைப் பற்றிய பெரிய கேள்விகள் பலவும் போர்க்களத்திலும் அரசவையிலும் எழுந்தவை என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் நம்மில் பெரும்பாலோர்க்கு அவை அடுக்களையில்தான் எழுகின்றன.

தாள் சொல்லும் செய்தி

பள்ளிச் செவிலியர் தரும் அந்தத் தாளை நாம் பொதுவாக ஒரு விதிமுறைப் பட்டியலாகப் படித்து மடித்து வைத்துவிடுகிறோம். அதன் ஒவ்வொரு வரிக்கும் பின்னே ஒரு காரணம் இருக்கிறது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால், அது நின்று ஒரு நாளாவது ஆகட்டும் என்று சொல்வது, வகுப்பு முழுவதும் ஒரே குழாயையும் ஒரே கழிப்பறையையும் பயன்படுத்துவதால். சின்னம்மை கண்ட பிள்ளை, கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகே வரலாம். தட்டம்மையானால் தடிப்புத் தோன்றிய நாளுக்குப் பின் நான்கு நாட்கள், பொன்னுக்குவீங்கி என்றால் வீக்கம் தொடங்கிய பின் ஐந்து நாட்கள் வீட்டில் இருக்க வேண்டும். தட்டம்மைக் கிருமி, நோயுற்றவர் அறையை விட்டுச் சென்ற பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் தங்கும். எதிர்ப்பாற்றல் இல்லாதவர் பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேரைப் பற்றக்கூடியது. சின்னம்மை, ஃப்ளூ காய்ச்சல் காலங்களில் ஆஸ்பிரின் கொடுக்கலாகாது என்பதும் அந்தத் தாளில் இருக்கும். அபூர்வமாக அது குழந்தையின் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் கடுமையான நோய்க்கு வழிசெய்யும்.

அதே தாள், எதற்கெல்லாம் பிள்ளையை நிறுத்த வேண்டியதில்லை என்பதையும் சொல்கிறது. காய்ச்சலில்லாத சாதாரண சளிக்குப் பள்ளியை விட வேண்டாம். தலையில் பேன் இருப்பது கண்டால், அன்றே வீட்டுக்கு விரட்ட வேண்டிய அவசியமில்லை. மாலையில் வீட்டில் மருந்திட்டால் போதும் என்பதே இன்றைய குழந்தை மருத்துவர்களின் கருத்து. நல்ல வழிகாட்டுதலின் இலக்கணம் இதுதான். வீணான பயத்தையும் வீணான அலட்சியத்தையும் அது ஒருசேர விலக்குகிறது.

"எப்படியும் பிள்ளைகள் எல்லா நோயையும் வாங்கித்தானே வளர்கிறார்கள்?" என்று கேட்பவர் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் வகுப்பறையில் இருப்பவர்கள் எல்லாரும் நம் பிள்ளையைப் போன்ற உடலுடையவர்கள் அல்லர். மூன்றாவது பெஞ்சில் அமர்ந்திருக்கும் சிறுமி சிறுநீரகக் கோளாற்றுக்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவளாக இருக்கலாம். இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்று, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு இந்த வாரம்தான் பள்ளிக்குத் திரும்பிய சிறுவன் ஒருவன் இருக்கலாம். நம் பிள்ளைக்கு ஒரு வாரத்து அரிப்பாக முடியும் சின்னம்மை அவர்களுக்கு உயிராபத்தாக முடியக்கூடும். கரும்பலகையருகே நிற்கும் ஆசிரியை கருவுற்றிருக்கலாம். ருபெல்லா என்னும் தட்டம்மை போன்ற எளிய நோய், கருவின் தொடக்க மாதங்களில் தாய்க்கு வந்தால், பிறக்கும் குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் பாதிக்கும். இதை முன்னிட்டே 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி இயக்கம் கர்நாடகம், தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளில் முதற்கட்டமாகத் தொடங்கப்பட்டு, ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு, பள்ளிகள் வழியாகவும் போடப்பட்டது. கைப்பேசிகளில் பரவிய வதந்திகளை நம்பி, தம் பிள்ளைக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பெற்றோரும் அப்போது இருந்தனர்.

ஆயுர்வேத மூலநூலாகிய சரக சம்ஹிதை, மருத்துவம் நான்கு கால்களில் நிற்கிறது என்கிறது. மருத்துவர், மருந்து, பணிவிடை செய்பவர், நோயாளி. திருக்குறளும் மருந்து அதிகாரத்தில் இதே நால்வரைச் சொல்கிறது. தொற்றுநோயைப் பொறுத்தவரை நாம் ஐந்தாவதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் பக்கத்தில் அமர்ந்திருப்பவர். அவருக்கு நோயில்லை, அவரை யாரும் கேட்கவுமில்லை. ஆயினும் நாம் காலை ஆறரை மணிக்கு எடுக்கும் முடிவு அவருடைய உடலில் போய் இறங்குகிறது.

வள்ளுவர் வாய்மைக்குக் கூறும் இலக்கணம் இங்கே நினைக்கத்தக்கது. நடந்ததை நடந்தவாறு சொல்வது வாய்மை என்று அவர் வரையறுக்கவில்லை. எவர்க்கும் எவ்வகைத் தீங்கும் தராத சொல்லையே வாய்மை என்கிறார். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்க்கும் அங்கே இடம் தருகிறார். இந்த இடத்தைப் பற்றிக்கொண்டு நம் தாய் வாதாடலாம்: "நான் சொன்ன பொய்யால் யாருக்கு என்ன கெட்டுவிட்டது? என் பிள்ளைக்குச் சாப்பாடு கிடைத்தது." மூன்றாவது பெஞ்சுச் சிறுமியை அவர் பார்த்ததே இல்லை. தீங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விழும்போது, பொய் தூய்மையானது போலவே தோன்றும். அஹிம்சை என்பதை நாம் அடிக்காமை, கொல்லாமை என்ற அளவிலே நிறுத்திவிடுகிறோம். காணாத ஒருவரைக் கண்டது போல் எண்ணிப் பார்க்கும் கற்பனையும் அதற்குத் தேவைப்படுகிறது.

இதுவரை படித்தவர்கள், இக்கட்டுரை அந்தத் தாயின்மேல் தீர்ப்பெழுதப் போகிறது என்று எண்ணியிருக்கலாம். அது நமக்கு இயலாத காரியம். ஏனென்று சொல்கிறேன்.

மறைப்பவர் ஏன் மறைக்கிறார்?

என் சிறுவயதில், தெருவில் ஒரு வீட்டில் அம்மை கண்டால், முதற்காரியமாக வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்துச் செருகுவார்கள். அதைக் கண்டவுடன் தெருவே அறிந்துகொள்ளும். விருந்தினர் வாசலோடு திரும்புவர். அவ்வீட்டார் பிறர் வீட்டுக்குப் போகமாட்டார்கள். தாளிக்கும் வாசனைகூட எழாமல் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இளநீரும் மோரும் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போவார். தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிந்த பிறகே பிள்ளை தெருவில் இறங்கும். அம்மை தெய்வத்தின் சீற்றம் என்ற நம்பிக்கையை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் போகாமல் இருந்ததால் இழந்த உயிர்கள் பல என்பதையும் மறக்கக்கூடாது. என்றாலும் அந்த வழக்கத்தில் ஒரு நுட்பம் இருந்தது. "எங்கள் வீட்டில் அம்மை வந்திருக்கிறது" என்று சொல்வதில் எவர்க்கும் வெட்கமில்லை. சொன்னதால் எவரும் எதையும் இழக்கவில்லை. மாறாக, இளநீர் வந்து சேர்ந்தது. ஆகவே மறைக்க வேண்டிய தேவையே எழவில்லை.

அதே வீடுகளில் காசநோயை மறைத்தார்கள். தொழுநோயை மறைத்தார்கள். வலிப்பை இன்றும் மறைக்கிறார்கள். ஒரே மக்கள், ஒரே தெரு. ஒன்றைக் கூரையேறிச் சொன்னார்கள், மற்றொன்றைப் பாயின் அடியில் ஒளித்தார்கள். மனிதரின் நேர்மை நோய்க்கு நோய் மாறிவிடுமா என்ன? சொன்னால் என்ன நேரும் என்பதுதான் மாறுகிறது.

வரலாற்றில் இதற்குக் கசப்பான சான்று உண்டு. 1896இல் பம்பாயில் பிளேக் தோன்றியது. 1897இல் ஆங்கில அரசு தொற்றுநோய்ச் சட்டம் இயற்றியது. புனே நகரில் படைவீரர்கள் வீடு வீடாக நுழைந்து நோயாளிகளைத் தேடினார்கள். பெண்களின் கூச்சத்தையும் பூஜையறையின் தூய்மையையும் பொருட்படுத்தாமல், பொருள்களை வெளியே வீசினார்கள். விளைவு? மக்கள் நோயாளிகளை ஒளித்தார்கள். கொள்ளைநோய் குறையும் பொருட்டுச் செய்த தேடலே நோயை வீட்டுக்குள் பதுங்கவைத்தது. 1898இல் பெங்களூருவையும் பிளேக் தாக்கியது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இந்நகரில் இன்றும் அந்நாட்களை நினைவூட்டிக்கொண்டிருக்கின்றன.

அதே 1898இல் கல்கத்தாவிலும் பீதி பரவி, மக்கள் நகரை விட்டு ஓடத் தொடங்கினர். சுவாமி விவேகானந்தர் அப்போது வெளியிட்ட துண்டறிக்கை, முதலில் பயத்தை விடும்படிதான் மக்களைக் கேட்டுக்கொண்டது. வீட்டையும் உணவையும் தூய்மையாக வைத்துக்கொள்வதைப் பற்றிய அறிவுரைகளும் அதில் இருந்தன. உதவ ஆளில்லாதவர்கள் உடனே மடத்துக்குச் செய்தி அனுப்பட்டும் என்ற அழைப்பும் இருந்தது. மறு ஆண்டு, 1899இல், சகோதரி நிவேதிதை பிளேக் சேவைப் பணியை முன்னின்று நடத்தியதோடு, தாமே துடைப்பம் ஏந்தித் தெருவைப் பெருக்க இறங்கியதும் பலரும் அறிந்ததே. புனேயில் அரசு தேடி வந்தது. கல்கத்தாவில் தொண்டர்களும் தேடி வந்தார்கள். இருவர் வருகையும் வாசற்படியைத் தாண்டுவதுதான். ஆனால் ஒருவர் வரும்போது கதவு தாழிடப்படுகிறது, மற்றொருவர் வரும்போது திறக்கிறது.

பள்ளிச் செவிலியர் என்ற பணி பிறந்த கதையும் இதையே சொல்கிறது. நியூயார்க் நகரில் 1897 முதல் மருத்துவர்கள் பள்ளிகளுக்குச் சென்று, கண்நோய், படை, பேன் முதலியவை உள்ள பிள்ளைகளைக் கண்டறிந்து வீட்டுக்கு அனுப்பிவந்தார்கள். அத்துடன் அவர்கள் கடமை முடிந்தது. வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு மருந்திட ஆளில்லை. ஏழைக் குடியேறிகளாகிய பெற்றோருக்குச் சீட்டில் எழுதியிருந்த மொழியே புரியவில்லை. பிள்ளைகள் தெருவில் திரிந்தார்கள். மாலையில் அதே வகுப்புத் தோழர்களோடு விளையாடினார்கள். லிலியன் வால்ட் என்ற அம்மையார் தம் சேவை இல்லத்திலிருந்து லீனா ரோஜர்ஸ் என்ற செவிலியரை 1902 அக்டோபரில் ஒரு மாதச் சோதனையாக நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார். லீனா ரோஜர்ஸ் பள்ளியிலேயே புண்களுக்கு மருந்திட்டார். மாலையில் பிள்ளையின் வீட்டுக்கு நடந்து சென்று, தாயிடம் எப்படிக் கழுவுவது, எப்படித் துடைப்பது என்று செய்து காட்டினார். சோதனை வெற்றி பெறவே, நகரம் மேலும் செவிலியரை நியமித்தது. 1902 செப்டம்பரில் நோயின் காரணமாகப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். 1903 செப்டம்பரில் 1,101 பேர். அதே நகரம், அதே வறுமை. இடையில் நேர்ந்த முக்கிய மாற்றம், 'அனுப்பாதே' என்று சொல்லிய வாய்க்குப் பின்னே வீடு வரை நடந்த இரண்டு கால்கள்.

நம் நாட்டில் பள்ளிக் குழந்தைகளுக்கான மருத்துவப் பரிசோதனை 1909இல் பரோடா நகரில் முதன்முதலாகத் தொடங்கியது. இன்று தேசிய அளவில் 2013இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகின்றன. பள்ளிதோறும் ஆசிரியர் இருவரை நலவாழ்வுத் தூதர்களாகப் பயிற்றுவிக்கும் திட்டமும் 2020இல் வந்தது. தனியார் பள்ளிகள் சிலவற்றில் செவிலியர் அறையே இருக்கிறது. இவை நல்லவை. ஆயினும் மாலையில் வீடு வரை நடக்கும் கால்களை எத்தனை இடங்களில் காண்கிறோம்?

உண்மையின் விலை

சரகரிடம் மீண்டும் வருவோம். நோயாளிக்கு வேண்டிய குணங்கள் என்று அவர் நான்கைக் கூறுகிறார். நினைவாற்றல், சொன்னபடி நடத்தல், அச்சமின்மை, தன் நோயை எடுத்துரைக்கும் திறன். கடைசி இரண்டும் அடுத்தடுத்து நிற்பது தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அச்சம் நீங்கிய இடத்தில்தான் நோய் வாய்திறந்து பேசுகிறது.

அத்திபெலேத் தாயின் அச்சம் யாது? ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலி போகும். மாதம் முழுவதும் தவறாமல் வந்தால் கிடைக்கும் வருகைப் படியும் பல ஆலைகளில் போய்விடும். தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் அவருக்கே நோய் வந்தால், ஊதியத்தில் 70 விழுக்காடு வீதம் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை உதவி கிடைக்கும். மகனுக்குக் காய்ச்சல் என்றால் அதில் ஒரு நாளுக்கும் இடமில்லை. இதே நாட்டில் மத்திய அரசுப் பணியில் இருக்கும் ஒரு தாய்க்குப் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பாகப் பணிக்காலத்தில் 730 நாட்கள் உண்டு. பிள்ளையின் நோயும் தேர்வும் அதற்குப் போதிய காரணங்கள். ஸ்வீடன் நாட்டில், நோயுற்ற பிள்ளையைக் கவனிப்பதற்காக வேலைக்குச் செல்லாத தாய்க்கோ தந்தைக்கோ, பிள்ளை ஒன்றுக்கு ஆண்டில் 120 நாட்கள் வரை அரசு ஈட்டுத்தொகை தருகிறது. அங்குள்ள தாய் நம் தாயை விட வாய்மையில் உயர்ந்தவர் என்று சொல்ல முடியுமா? அவருக்கு உண்மை மலிவாகக் கிடைக்கிறது. இவருக்கோ அதன் விலை ஒரு நாள் அரிசி.

விலை கூடிய உண்மையையும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வணங்குவோம். ஆனால் அந்த உயரத்தைப் பிறரிடம் கட்டாயமாக எதிர்பார்க்கும் உரிமை, அந்த விலையில் ஒரு பங்கையாவது தாமும் ஏற்பவர்களுக்கே உண்டு. வகுப்பில் உள்ள நாற்பது பிள்ளைகளின் நலனுக்காக ஒரு தாய் மட்டும் கூலியை இழக்க வேண்டும் என்றால், மற்ற முப்பத்தொன்பது வீடுகளும் அன்று அவளிடம் கடன்பட்டவை.

இங்கே என் சொந்தப் பாவம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது, ஆண்டு முழுவதும் ஒரு நாளும் விடுப்பு எடுக்காத மாணவனுக்கு எவர்சில்வர் தட்டு ஒன்று பரிசாகத் தருவார்கள். மாசி மாதத்தில் ஒரு நாள் காதடியில் வலி; மென்றால் தாடை விண்ணென்றது. அது பொன்னுக்குவீங்கியின் தொடக்கம். அம்மாவிடம் சொன்னால் கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டு வீட்டில் உட்காரவைத்துவிடுவார், தட்டுப் போய்விடும். நான் சொல்லவில்லை. இரண்டு நாட்கள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு போனேன். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சனியும் ஞாயிறும் ஆனது என் அதிர்ஷ்டம் என்றே மகிழ்ந்தேன். ஏறக்குறைய இரண்டரை வாரம் கழித்து, என் பெஞ்சுத் தோழனுக்கு இரு கன்னங்களும் வீங்கின. ஆண்டுத் தேர்வில் மூன்று தாள்களை அவன் எழுதவில்லை. தட்டு எனக்குக் கிடைத்தது. அவன் எனக்காகக் கைதட்டினான். என்னிடமிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் அன்று தெரியாது. நோய் உடலில் ஊற எத்தனை நாட்களாகும் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மருத்துவ நூலில் படித்தபோதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அந்தப் பரிசை வைத்தவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்களே. வருகையை ஊக்குவிக்க விரும்பினார்கள். உடன் மறைப்பதையும் ஊக்குவித்துவிட்டார்கள். இன்றும் பல பள்ளிகளில் நூறு விழுக்காட்டு வருகைச் சான்றிதழ் இருக்கிறது. பள்ளி நடத்தும் அன்பர்கள் எவரேனும் இதைப் படித்தால், செவிலியர் தாளையும் அந்தச் சான்றிதழையும் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன்.

இன்னொரு மறைப்பு இதைவிட ஆழமானது. சேர்க்கைப் படிவத்தில் 'குழந்தைக்கு ஏதேனும் நோய் உண்டா?' என்று ஒரு வரி இருக்கும். வலிப்பு உள்ள பிள்ளையின் பெற்றோர் அங்கே 'இல்லை' என்று எழுதுகிறார்கள். சொன்னால் இடம் கிடைக்காதோ, பிள்ளைகள் கேலி செய்வார்களோ, நாளை பெண்ணுக்குத் திருமணம் தடைப்படுமோ என்ற பயம். வலிப்பு எவரையும் தொற்றாது. ஆகவே இங்கே பக்கத்துப் பிள்ளைக்குத் தீங்கில்லை. தீங்கு முழுவதும் தம் பிள்ளைக்கே. ஒரு நாள் வகுப்பில் அந்தப் பிள்ளை விழும்போது, என்னவென்று அறியாத ஆசிரியர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார். பற்களுக்கிடையே கரண்டியை நுழைப்பார். செய்ய வேண்டியது அதுவன்று. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைத்து, வாயில் எதையும் இடாமல், கை கால்களை அழுத்திப் பிடிக்காமல், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்; ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். முன்பே தெரிந்திருந்தால் செவிலியர் இதை எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்லிவைத்திருப்பார். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர், சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு இன்சுலினும் கைக்கெட்டும் தூரத்தில் இனிப்பும், வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளையின் பெயர் மதிய உணவு பரிமாறுவோர் கையில் — எல்லாம் அந்த ஒற்றை வரியில் எழுதும் உண்மையைப் பொறுத்தவை. அந்த உண்மையை எழுதிய பெற்றோரின் பிள்ளைக்கு இடம் மறுக்கும் பள்ளி, அடுத்த பத்துப் பெற்றோரைப் பொய் சொல்லப் பழக்குகிறது.

மீண்டும் அத்திபெலேக்குச் செல்வோம். வேன் போய்விட்டது. பதினொரு மணிக்கு மருந்தின் வேகம் குறைந்து பிள்ளையின் உடல் சுடத் தொடங்குகிறது. செவிலியர் தொழிற்சாலைக்குத் தொலைபேசியில் பேசுகிறார். இந்த உரையாடல் இரண்டு விதமாக நடக்கலாம்.

"ஏம்மா, தாளைப் படிக்கவில்லையா? காய்ச்சலோடு அனுப்பியிருக்கிறீர்களே!" என்று தொடங்கினால், "காலையில் நன்றாகத்தானே இருந்தான், சிஸ்டர்" என்ற பதில் வரும். மருந்து கொடுத்தது சொல்லப்படாது. எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தார்கள் என்று அறியாமல் செவிலியர் மறுபடி மருந்து கொடுக்கவும் முடியாது; பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலுக்குக் கேடு.

"அம்மா, பையனுக்கு 102 இருக்கிறது. பயப்பட வேண்டாம், என் அறையில் படுக்கவைத்திருக்கிறேன். காலையில் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் சொல்லுங்கள், அதைப் பார்த்துத்தான் நான் அடுத்த வேளை கொடுக்க வேண்டும்" என்று தொடங்கினால், மறுமுனையில் சிறிது நேரம் தையல் இயந்திரங்களின் ஓசை மட்டும் கேட்கும். பிறகு அவர் நேரத்தையும் அளவையும் சொல்வார்.

அன்று மாலை அதே தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஒருவர், "நாளைக்கு நீ வேலைக்குப் போம்மா. பையன் எங்கள் வீட்டில் படுத்திருக்கட்டும். நானும் இவளும் பார்த்துக்கொள்கிறோம். எங்களுக்குச் சின்னம்மை, தட்டம்மை எல்லாம் எந்தக் காலத்திலோ வந்து போனவை" என்று வந்து நிற்கக்கூடும். நம் வாசகர்களில் இத்தகைய பெரியவர்கள் எண்ணற்றோர் உண்டு. காலை ஜபம் முடிந்து ஒன்பது மணிக்கு மேல் என்ன செய்வதென்று அறியாமல் இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு முகக்கவசம் ஒன்றும், கைகழுவச் சோப்பும், தெர்மாமீட்டரும் போதும். கஞ்சி வைக்க எப்படியும் தெரியும். மணிக்கொரு முறை தண்ணீர் கொடுத்து, எத்தனை முறை சிறுநீர் கழித்தான் என்று பார்த்துக்கொண்டு, மூச்சு வாங்கினாலோ, எழுப்பினால் கண் திறக்காமல் துவண்டாலோ, கழுத்தை அசைக்க முடியவில்லை என்றாலோ, உடனே தாயை அழைத்து மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வியாழக்கிழமை காலையில் மருந்தில்லாமல் ஒரு முழு நாள் கழிந்திருந்தால், பையன் பள்ளிக்குப் போகலாம். நாட்குறிப்பேட்டில் தாய் இரண்டு வரி எழுதி அனுப்புவார்: திங்கள் இரவு காய்ச்சல் வந்தது, செவ்வாய் காலை மருந்து கொடுத்து அனுப்பியது என் தவறு, புதன் முழுவதும் காய்ச்சல் இல்லை. அதைப் படிக்கும் செவிலியர், கீழே தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, பையனை வகுப்புக்கு அனுப்பிவிடுவார்.